1975-இல் பயிற்சி முடித்த நம் தோழர்கள்: யார் எங்கே, எப்படி இருக்கிறார்கள்?

சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு நாம் வெளியே வந்து இந்த 2025-ஓடு 50 ஆண்டு ஆகிறது. அங்கே நம்மை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த ஊர்தான் பெயர். இங்கேயும் அப்படியே எழுதுவோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வேண்டாம்.

முதலில் எனக்குத் தெரிந்த செய்திகள். நான் 2012-இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். அரசாங்க வீட்டுக் கடனில் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். எல்பில், ஹீவுட், கமுனிங் தோட்டங்களில் என்னிடம் படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். லயங்கள் இருந்த இடத்தில் பல பக்கம் செம்பனை நிற்கிறது. தீபாவளிக்கு ஊர் நிறையும், மறுவாரம் காலியாகிவிடும்.

சித்தியவான் வீட்டு வாசலில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லித் தருகிறார். கண்புரை அறுவை முடிந்து நன்றாக இருக்கிறார். லுனாஸ் மெல்பர்னில் மகள் வீட்டில். பத்தாங் பெர்ஜுந்தாய் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அந்த ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நமக்கு அவர் பழைய பெயரில்தான். பாகான் செராய் போன டிசம்பரில் காலமானார். சாலாக்கைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வாட்சாப் குழுவில் தினமும் காலை வணக்கமும் பூப்படமும் வருகின்றன. யாராவது இறந்தால் ஐம்பது பேர் அனுதாபம் போடுகிறோம். அதற்கு முந்திய ஒரு வருடத்தில் அவர் எழுந்து நடந்தாரா, சாப்பிட்டாரா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பாகான் செராய் கடைசி ஆறு மாதம் படுக்கையில் இருந்தது நம்மில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இது இனியும் நடக்கக் கூடாது.

கிள்ளான்:

வணக்கம் டீச்சர். நல்ல காரியம் தொடங்கினீர்கள். என் செய்தி: 2014-இல் 60 வயதில் தலைமையாசிரியராக ஓய்வு. இருதயத்தில் ஒரு ஸ்டென்ட். காலையில் பூங்காவில் நடக்கிறேன், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறேன், நாள் ஓடுகிறது.

50-ஆம் ஆண்டை நன்றாகக் கொண்டாட வேண்டும் என்று நாங்கள் நான்கு பேர் பேசியிருக்கிறோம். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபம், இரவு விருந்து, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, பழைய படங்களைத் திரையில் காட்டலாம். ஆளுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காகச் செலவு செய்தோம், ஒரு நாள் நமக்காகச் செய்வதில் தப்பில்லை. ஒப்புதல் தருபவர்கள் இங்கேயே சொல்லுங்கள், மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

பீடோங்:

எல்லாரும் நலமா? என்னைக் கெடாவில் தேடாதீர்கள், வருடத்தில் பாதி நாள் பூச்சோங்கில்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அவர்களுக்குப் பசியாறக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால் மதியம் வரை பதிமூன்றாம் மாடியில் தனியாக இருப்பேன். பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.

பீடோங் வீட்டில் முருங்கையும் கருவேப்பிலையும் நிற்கின்றன, எதிர்வீட்டு அக்கா தண்ணீர் ஊற்றுகிறார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் யோசிக்கிறேன். மகன் வேண்டாம் என்கிறான், 'தனியா விழுந்து கிடந்தா யாரும்மா பாப்பா?' என்கிறான். அவன் பயமும் நியாயம்தான். ஆனால் சொந்த வீட்டில் நான் டீச்சர், இங்கே நான் பாட்டி மட்டும். இதை வேறு யாரிடம் சொல்வது, உங்களிடம்தான் சொல்ல முடியும்.

லுனாஸ் வாரம் ஒரு முறை என்னோடு வீடியோவில் பேசுகிறாள். மெல்பர்ன் குளிரில் மூட்டு வலி அதிகமாம். மலேசியா வந்தால் முதலில் ஒரு நாசி லெமாக், பிறகுதான் மற்றதெல்லாம் என்கிறாள்.

விருந்துக்கு நான் வருவேன். கோலாலம்பூர் என்றால் எனக்குப் பக்கம். ஆனால் சாலாக்கை யார் அழைத்து வருவது?

சுங்கை சிப்புட்:

பீடோங், நீ கேட்டதால் சாலாக்கைப் பற்றி இப்போதே எழுதுகிறேன். அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு மறதி நோய். மூன்று நான்கு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் காடி (கார்) சாவியை மறந்தார், பிறகு பாசாரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சட்டையும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு 'பள்ளிக்கு நேரமாச்சு' என்று கேட்டுக்குப் போகிறார். பூட்டியிருந்தால் கோபம் வருகிறது. அந்த மனிதர் பயிற்சிக் காலத்தில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை, உங்களுக்குத் தெரியும். மனைவிக்கும் வயது எழுபதை நெருங்குகிறது, இரவில் தூக்கமே இல்லை. பிள்ளைகள் மாதம் ஒரு முறை வருகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி நான்கு மணிக்குப் பணம் வந்து கேட்டருகே நிற்குமா?

போன மாதம் போயிருந்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. பேரனையே தெரியவில்லை. 'சார், விடுதியில் உங்கள் அறையில் யாரெல்லாம் இருந்தாங்க?' என்று கேட்டேன். கட்டில் வரிசையிலேயே சொன்னார்: லாபிஸ், தெலுக் ஆன்சன் (நம் தெலுக் இந்தான்தான், ஊரின் பழைய பெயர்), பத்தாங் பெர்ஜுந்தாய், கிள்ளான். அப்புறம் 'கிள்ளான் என் ரேடியோவை இன்னும் திருப்பித் தரல' என்றார். அன்றைக்கு முழுதும் அமைதியாக இருந்தாராம், இரவிலும் தூங்கினாராம்.

உங்கள் குரலைக் கேட்டால் அவருக்கு நல்லது. மருத்துவமாக இதைச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கோலாலம்பூர் ஹோட்டலுக்கு அவரால் வர முடியாது. கூட்டமும் வெளிச்சமும் அவரை மிரட்டிவிடும்.

கிள்ளான்:

டீச்சர், படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த ரேடியோவை 1975 கடைசி நாளில் நான்தான் எடுத்துப் போனேன். சாலாக்கின் வீட்டு எண்ணைத் தனியாக அனுப்புங்கள். இன்று மாலையே பேசுகிறேன்.

தெலுக் இந்தான்:

தோழர்களுக்கு வணக்கம். கல்வி இலாகாவில் கடைசிப் பத்து வருடம் நிர்வாகத்தில் இருந்ததால் பென்ஷன் விவகாரம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அதைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் 30 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்கள். கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு பென்ஷனாக வருகிறது. 2013-இலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று உயர்த்தி வந்தார்கள். அந்தச் சட்டத் திருத்தம் செல்லாது என்று 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவத்துக்கும் ஒரு வார்த்தை: அரசாங்க மருத்துவமனையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொன்னாலும், முழங்கால் மாற்று அறுவைக்குச் செயற்கை மூட்டு வாங்கச் சொன்னாலும், பணத்தைப் புரட்ட ஓடாதீர்கள். மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி 'பெருபாத்தான் 1/09' பாரத்தில் ஜேபிஏ என்ற பொதுச் சேவைத் துறைக்கு விண்ணப்பியுங்கள். பென்ஷன்காரர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. டயாலிசிஸ் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். மகள் நகையை அடகு வைத்து மூட்டு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

ஆனால் எல்லாருக்கும் பென்ஷன் இல்லை. பென்ஷன் வேண்டாம், சேமநிதி போதும் என்று எழுதிக் கொடுக்க ஒரு விருப்பம் வந்தது. நம்மில் சிலர் அதைத் தேர்ந்தார்கள். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது, மொத்தமாகப் பணம் வரும், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். அப்படித் தேர்ந்தவர்களில் ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் வாட்சாப் குழுவிலிருந்து சொல்லாமல் விலகினார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நாம் பேசிக்கொண்டோம். அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஊரை எழுத மாட்டேன், நீங்களும் ஊகித்து எழுத வேண்டாம். மகனின் வியாபாரத்துக்குச் சேமநிதிப் பணம் முழுவதையும் கொடுத்தார், வியாபாரம் நொடித்தது. இப்போது இந்த வயதில் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல். 'ஆளுக்கு 100 வெள்ளி போடுங்கன்னு நீங்க எல்லாம் எழுதும்போது என்னால பதில் போட முடியல, அதான் வெளியே வந்தேன்' என்றார்.

150 வெள்ளி நமக்கு ஒரு மளிகைச் சாமான் பில். அவருக்கு அது இரண்டு மூன்று இரவு விழித்திருக்க வேண்டிய காசு. கிள்ளான், உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ஆசையாகத்தான் ஏற்பாடு செய்கிறாய். ஆனால் யார் பேசாமல் இருக்கிறார்களோ அவர்களிடம்தான் நாம் முதலில் போக வேண்டும். நன்றாக இருப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் பார்க்க ஆயிரம் வழி இருக்கிறது.

பாகான் செராய் மகள்:

அங்கிள், ஆண்ட்டி எல்லாருக்கும் வணக்கம். நான் காலமான பாகான் செராய் அவர்களின் மூத்த மகள். சுங்கை சிப்புட் ஆண்ட்டி சொல்லி இங்கே எழுதுகிறேன்.

அப்பா இறந்ததும் வந்த செய்திகளையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நன்றி. எங்களுக்கு ஓர் ஆசை இருக்கிறது. அப்பாவுக்கு இருபது இருபத்தொரு வயதில் எடுத்த படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. வெள்ளத்தில் ஆல்பம் போய்விட்டது. அவர் கபடி விளையாடுவார் என்று அம்மா சொல்வார், நாங்கள் பார்த்ததில்லை. யாரிடமாவது படம் இருந்தால் கைப்பேசியில் எடுத்து அனுப்புங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு அப்பாவின் பென்ஷன் மாறி வரும் என்கிறார்கள். திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் 1979-இல் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பதிவு செய்யவில்லை. நான்கு மாதமாக அலைகிறோம், ஒவ்வொரு முகப்பிலும் ஒவ்வொரு பதில். என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெலுக் இந்தான்:

அம்மா, கவலைப்படாதே. உன் அப்பாவோடு ஒரே அணியில் கபடி ஆடியவன் நான். படம் இருக்கிறது, பெட்டியிலிருந்து எடுத்து அனுப்புகிறேன்.

கல்யாண விஷயம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம், 1976-இல் நிறைவேறிய சட்டம், நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முன்னால் நம் சமய வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணம் அந்தச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும். உன் அம்மா சட்டப்படி மனைவிதான், அதில் சந்தேகம் வேண்டாம். காகிதத்தில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். கோயிலில் கொடுத்த சீட்டு, கல்யாணப் பத்திரிகை, படம், உங்கள் பிறப்புப் பத்திரங்களில் இருக்கும் பெற்றோர் பெயர், கல்யாணத்தைப் பார்த்தவர்களின் சத்தியப் பிரமாணம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடு. ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவில் எழுத்து மூலமாகப் பதில் கேள். முகப்பில் சொல்லும் வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்குத் திரும்பாதே. பென்ஷன் பட்டுவாடாவை இப்போது குவாப் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் பார்க்கிறது, அங்கேயும் இறப்புப் பத்திரத்தோடு கடிதம் கொடுத்துத் தேதி முத்திரை வாங்கி வை. அடுத்த வாரம் நானே உன்னோடு வருகிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருவன், சத்தியப் பிரமாணத்தில் என் கையெழுத்தைப் போடலாம்.

தோழர்களே, இது உங்களுக்கும்தான். நம்மில் 1982-க்கு முன்னால் கோயிலில் தாலி கட்டியவர்கள் பாதிக்கு மேல் இருப்போம். இருவரும் உயிரோடு இருக்கும்போது ஜேபிஎன்-இல் போய்ப் பழைய கல்யாணத்தைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. இந்த மாதமே போங்கள். சேமநிதியில் பெயர் நியமனம் யார் பேரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேரில் போட்டதை மாற்றாமலே விட்டவர்கள் உண்டு.

லாபிஸ்:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சந்திப்பை வடக்கே பேராக்குக்கு, சுங்கை சிப்புட் பக்கம் மாற்றலாம் என்ற பேச்சு வரும் என்று தெரிகிறது. நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். இங்கிருந்து சுங்கை சிப்புட் 500 கிலோமீட்டருக்கு மேல். காடி ஓட்டக் கண் ஒத்துழைக்கவில்லை, மனைவிக்கு இடுப்பில் தகடு. கோலாலம்பூர் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவேன். தெற்கில் இருக்கும் ஏழெட்டுப் பேருக்கும் இதே நிலைமைதான். வடக்கே இருப்பவர்கள் முடியாதவர்கள் என்றால் நாங்களும் முடியாதவர்கள்தான்.

சாலாக் என் பக்கத்துக் கட்டில். அவரைப் பார்க்க எனக்கும் மனசு துடிக்கிறது. ஆனால் நடக்காததை நடக்கும் என்று எழுத விருப்பமில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய்:

எனக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முடிந்த அன்று எழுந்து நிற்க முடியாது. ஞாயிறு என்றால் காலையில் தெம்பாக இருப்பேன். இராத்திரி விருந்து எனக்கு ஆகாது, சாப்பாட்டிலும் தண்ணீரிலும் கட்டுப்பாடு. பகலில் வைத்தால், யாராவது காடியில் ஏற்றிக்கொண்டால் சுங்கை சிப்புட் வருகிறேன். மூன்று மணி நேரப் பயணத்தைத் தாங்குவேன். சாலாக்கைப் பார்க்க வேண்டும்.

கிள்ளான்:

சாலாக்கோடு பேசினேன். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் ரேடியோவைக் கேட்டார். வீட்டு ஸ்டோரில் அது இருக்கிறது. ஓடாது, இருந்தாலும் கொண்டு போகிறேன்.

ஹோட்டல் முன்பணம் கட்டவில்லை. என் மனசு இன்னும் பெரிய விருந்தில்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. லாபிஸ் சொல்வதும் நியாயம். ஆகையால் தெற்கில் இருப்பவர்களுக்குக் கிள்ளானில் என் வீட்டிலேயே ஒரு நாள், சாப்பாடு என் பொறுப்பு. வடக்கே டீச்சர் சொல்லும் இடத்தில் இன்னொரு நாள். சட்டை வேண்டாம். யாரும் காசு கட்ட வேண்டாம், முடிந்தவர்கள் முடிந்ததைத் தெலுக் இந்தானிடம் கொடுங்கள். யார் எவ்வளவு என்று பட்டியல் போடக் கூடாது.

சுங்கை சிப்புட்:

சரி, அப்படியே செய்வோம். நவம்பரில் ஒரு ஞாயிறு, காலை 10 மணி, இங்கே கோயில் மண்டபத்தில். தோசையும் கோப்பியும் பசியாற, மதியம் சைவச் சாப்பாடு. நம் சாப்பாட்டுக் கூடத்து மெனு மாதிரி எளிமையாகத்தான். ஈடிஎஸ் ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது, கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். நிலையத்துக்கு என் பழைய மாணவர்கள் காடி கொண்டு வருவார்கள், கேட்டுவிட்டேன். பீடோங், நீ முதல் நாளே வந்து என்னோடு தங்கு. மகன் கேட்டால் நான் பேசுகிறேன்.

சாலாக்கை மண்டபத்துக்குக் கூட்டி வர மாட்டோம். மதியத்துக்குப் பிறகு இரண்டு மூன்று பேராக அவர் வீட்டுக்குப் போவோம், கூட்டமாக வேண்டாம். முதல் வண்டியில் பத்தாங் பெர்ஜுந்தாயும் கிள்ளானும். லாபிஸ், அந்த நேரத்தில் வீடியோவில் உங்களைக் கூப்பிடுகிறேன், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

இரவுக் காவலில் இருக்கும் நண்பரைத் தெலுக் இந்தான் நேரில் போய் அழைப்பார். ரயில் டிக்கெட்டை நாம் வாங்குவது அவருக்குப் பிடிக்காது என்றால் தெலுக் இந்தான் தன் காடியில் கூட்டி வருவார்.

இன்னும் பதினோரு பேர் எங்கே என்று நமக்குத் தெரியாது. ஊர்ப் பெயர்களைப் போடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கம்பார், தாப்பா, பீடோர், கோலா கெட்டில், கூலிம், பந்திங், காஜாங், ரவூப், பகாவ், சிகாமாட், குளுவாங். தாப்பாவின் தங்கை ஈப்போவில் தையல் கடை வைத்திருந்ததாக ஞாபகம். நான் நாளைக்கு அங்கிருந்து தொடங்குகிறேன்.